பெங்களூரில் விரால் தூண்டிலுக்குப் புதியவரா? ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

யூடியூப்பில் ஒருவர் படகின் முனையில் நின்றபடி, தூண்டில் கம்பான ராடின் முதுகில் உட்கார்ந்திருக்கும், நூல் சுற்றிய குட்டையான ரீலைக் கட்டைவிரலால் அழுத்தி வீசுகிறார். ரப்பர் தவளை பாசி மேல் விழுகிறது, தண்ணீர் வெடிக்கிறது. அந்த மீன் லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்காவைச் சேர்ந்தது, நம் ஊர் ஏரி மீன் இல்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேர் கடைக்குப் போய் "அண்ணா, அந்த மாதிரி ரீல் ஒண்ணு குடுங்க" என்கிறோம்.

கேட்பதில் தப்பில்லை. பாஸ் செய்கிற வேலையை நம் பக்கம் விரால் செய்கிறது. ஆகாயத்தாமரைக்கு அடியில் பதுங்கியிருந்து, மேலே ஏதாவது நகர்ந்தால் பாய்ந்து கவ்வும். அதனால் பாஸுக்கென்று விற்கிற ராடும் ரீலும் லூரும் (பொய் இரை) விராலுக்கு அப்படியே பொருந்தும். குழப்பம் எதை வாங்குவது என்பதில்தான். வீடியோவில் ராடின் மேலே இருந்தது பெய்ட்காஸ்டர், ராடுக்குக் கீழே தொங்கும் வகை ஸ்பின்னிங். ஒரு கடையில் "பெய்ட்காஸ்டர்தான் சார், ப்ரோ எல்லாம் அதுதான்" என்பார்கள். இன்னொரு கடையில் "அது சிக்கும், வேண்டாம்" என்பார்கள். ஆன்லைனில் எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். தமிழில் உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லாமல் நான் அலைந்ததுதான் இதை எழுதக் காரணம். வரிசையாகப் போவோம். கடைக்குப் போவது ஆறாவது படியில்தான்.

1. ரீலுக்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள்

பெங்களூரில் ஏரி இருக்கிறது என்பதாலேயே தூண்டில் போட்டுவிட முடியாது. பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார். அங்கே நீங்கள் பிடிக்கும் மீன் அவர் போட்ட முதல். நகருக்குள் வேலி போட்டு நடைபாதை அமைத்த ஏரிகளில் பெரும்பாலும் தடைப் பலகை இருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் பலகையைப் படம் பிடித்து யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். காவலாளி வந்து ராடைப் பிடுங்கும்போது "படிக்கத் தெரியாது" என்றால் எடுபடாது.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, குத்தகை யாரிடம் என்று அங்கே வலை போடுகிறவர்களையோ கரையோரக் கடைக்காரரையோ விசாரியுங்கள். கிராமப்புற ஏரி என்றால் பஞ்சாயத்து அலுவலகத்தில் சொல்வார்கள். தெளிவு கிடைக்கவில்லையென்றால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம். குத்தகைதாரர் சரியென்றால் ஒரு தாளில் பெயர், தேதி, ஏரியின் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது. வாய்ப்பேச்சு அனுமதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு காவலாளி வந்ததும் காணாமல் போகும். அடையாள அட்டை நகல் ஒன்று பையில் கிடக்கட்டும்.

காவிரிக் கரை ஆசை இருப்பவர்களுக்கு: பீமேஸ்வரி, கலிபோரே பக்கமெல்லாம் காவிரி வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலோடு நிற்பது வனவிலங்குச் சட்டப்படி வழக்கில் முடியும். அங்குள்ள திமில் மஹசீர் 2018இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் ஐயுசிஎன் அமைப்பின் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாகச் சேர்க்கப்பட்ட மீன். அந்த ஆசையை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம்.

தொடங்குகிறவர்களுக்கு எளிய வழி, ஊருக்கு வெளியே கட்டணம் வாங்கி மீன்பிடிக்க விடும் தனியார் குளங்கள். போகும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: லூர் போடலாமா, பிடித்ததைத் திரும்ப விட வேண்டுமா எடை போட்டு வாங்க வேண்டுமா, என்ன மீன் இருக்கிறது. ரோகு, கட்லா மட்டுமே இருக்கும் குளத்துக்கு லூரும் பெய்ட்காஸ்டரும் எடுத்துக்கொண்டு போனால் வெயில்தான் மிச்சம். அங்கே தக்கையும் மாவு உருண்டையும்தான் வேலை செய்யும்.

2. எதை வீசப் போகிறீர்கள்? எடையை எழுதுங்கள்

முடிவு உண்மையில் இங்கேதான் ஆகிறது. ரீல் எவ்வளவு அழகு, யார் என்ன வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு. நீங்கள் வீசும் லூர் எத்தனை கிராம்?

அமெரிக்க டப்பாக்களில் எடை அவுன்ஸில் இருக்கும். கால் அவுன்ஸ் ஏறக்குறைய 7 கிராம், 3/8 என்று எழுதியிருக்கும் எட்டில் மூன்று அவுன்ஸ் பத்தரை கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம், முக்கால் அவுன்ஸ் 21 கிராம். இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

விரல் நீள ரப்பர் மீன், சின்ன ஸ்பின்னர் (தகடு சுழலும் லூர்), சின்ன ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்), குட்டித் தவளை எல்லாம் 3 முதல் 8 கிராமுக்குள் வரும். இதற்கு ஸ்பின்னிங். பேச்சே இல்லை. சாதாரண பெய்ட்காஸ்டரில் இந்த எடையை வீசினால் லூர் பாதி வழியில் விழும், ரீலுக்குள் நரம்பு (தூண்டில் நூல்) சுருண்டு நிற்கும். இவ்வளவு லேசானதை வீசுவதற்கென்றே தனி பெய்ட்காஸ்டர்கள் உண்டு. விலை கேட்டால் நீங்களே திரும்ப வைத்துவிடுவீர்கள்.

10 கிராமுக்கு மேல் போகும் உள்ளீடற்ற தவளை, பெரிய ஸ்பின்னர்பெய்ட், கனமான ஜிக் (தலையில் எடை வைத்த கொக்கி) என்றால் பெய்ட்காஸ்டர் தன் வேலையைக் காட்டும். இடைப்பட்ட 8 முதல் 14 கிராம் வரை இரண்டும் வீசும். பெங்களூரில் புதிதாகத் தொடங்கும் ஒருவரின் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் இந்த இடைப்பட்டதும் அதற்குக் கீழும்தான்.

3. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சுற்றாது. நரம்பு ஸ்பூலின் முன் விளிம்பிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று போகும். லூர் நின்றால் நரம்பும் நின்றுவிடும். அதனால்தான் முதல் நாளே வீச வருகிறது. குறை என்னவென்றால், நரம்பு முறுக்கேறும். மீனை இழுக்கும்போது நரம்பு ஒரு சின்ன உருளையில் செங்குத்தாகத் திரும்பி ஸ்பூலுக்குள் போவதால், தடித்த நரம்போடு தாமரைக் கொடிக்குள்ளிருந்து கனமான மீனை வெளியே இழுக்கும் வேலையில் கொஞ்சம் திணறும்.

பெய்ட்காஸ்டர் ராடுக்கு மேலே உட்காரும். கிணற்று ராட்டினம் மாதிரி ஸ்பூலே சுற்றி நரம்பை விடும். வாளி அடியில் தட்டிய பிறகும் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தால் கயிறு என்ன ஆகும்? அதுதான் பேக்லாஷ். அதை நிறுத்துவது உங்கள் கட்டைவிரல். உதவிக்கு ரீலில் பிரேக் இருக்கிறது. பழகிவிட்டால் அதே கட்டைவிரலால் லூரை நினைத்த இலையின் பக்கத்தில், சத்தமில்லாமல் இறக்கலாம். 40, 50 பவுண்டு பலமுள்ள பின்னல் நரம்பான பிரெய்டை அது தாங்கும், நரம்பு நேராக வந்து ஸ்பூலில் ஏறும், இழுக்கும் பலம் வீணாகாது. அடர்ந்த ஆகாயத்தாமரைக்கு நடுவே பெரிய விரால் என்றால் அதுதான் சரியான கருவி. இதை மறுக்க முடியாது.

ஆனால் வீடியோவில் வருபவரின் படகுத் தரையைக் கவனியுங்கள். ஐந்தாறு ராடு கிடக்கும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு லூர் கட்டியிருக்கும். அவர் கையில் உள்ள பெய்ட்காஸ்டர் அந்த ஐந்தாறில் ஒன்று. லேசானதை வீச ஸ்பின்னிங் ராடும் அங்கேயே கிடக்கிறது. நாம் ஆக்டிவாவில் ஒற்றை ராடைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். ஒரே ராடு எல்லாம் செய்ய வேண்டுமென்றால் அது ஸ்பின்னிங்தான். இரண்டாவது ராடு வாங்கும் நாளில் பெய்ட்காஸ்டர் வாங்குங்கள். என் முடிவு இதுதான். இனி வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

4. முதல் செட்டின் அளவுகள்

இதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ராடு: ஸ்பின்னிங், ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), நுனிப்பக்கம் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். பிடிக்கு மேலே தண்டில் லூர் எடை அச்சிட்டிருக்கும். 5–20 கிராம், 7–21 கிராம் என்று ஏதாவது இருந்தால் சரி. அந்த எண்ணே இல்லாத ராடை வாங்காதீர்கள். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியதே வேண்டும். ஒற்றைத் துண்டு ராடு கையில் நன்றாக இருக்கும், ஆனால் ஏழடிக் கம்போடு பிஎம்டிசி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் சொல்வார். ஃபைபர் கிளாஸ் ராடு முரட்டுத்தனம் தாங்கும்; கார்பன் ராடு லேசு, கடியை நன்றாக உணரலாம், ஆனால் கல்லில் தட்டினால் பிறகு ஒருநாள் திடீரென்று முறியும். நாள் முழுக்க வீசுகிறவருக்குக் கார்பன்.

ரீல்: 2500 அல்லது 3000 அளவு. 1000 விராலுக்குச் சின்னது, 4000 கையை வலிக்க வைக்கும். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் கையில் எடுத்து ராடில் மாட்டிப் பாருங்கள்.

நரம்பு: 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மொத்தக் கட்டும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். அடியில் பத்துச் சுற்றாவது சாதாரண நைலான் நரம்பு சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். நிறைய சுற்றிக்கொடுத்தால் தாராளம் என்று நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு. விளிம்பு வரை நிரம்பிய ஸ்பூலிலிருந்து நரம்பு கொத்தாகக் கழன்று முதல் வீச்சிலேயே முடிச்சாகும்.

முனையில் இரண்டு அடி லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தனி நரம்பு), 30 பவுண்டு போதும். விராலுக்குப் பல் உண்டு. பிரெய்டையும் லீடரையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு ஒன்று, லூரைக் கட்ட பலோமார் முடிச்சு ஒன்று, இந்த இரண்டும் வந்தால் முதல் வருடம் ஓடிவிடும். வேறு முடிச்சுகளைக் கற்றுக்கொள்ள ராத்திரி உட்கார வேண்டாம்.

லூர்: ஐந்து போதும். தவளை இரண்டு, ரப்பர் மீன் ஒரு பாக்கெட், ஸ்பின்னர் ஒன்று, ஸ்பூன் ஒன்று. இருபது வாங்கினால் பதினைந்து டப்பாவிலேயே துருப்பிடிக்கும்.

கடைசியாக, மூக்கு நீண்ட குறடு. இதை விட்டுவிட்டு ஏரிக்குப் போகக் கூடாது. விரால் கொக்கியை ஆழமாக விழுங்கினாலும் சரி, கொக்கி உங்கள் விரலில் ஏறினாலும் சரி, அதுதான் உதவும். கொக்கியின் எதிர்முள்ளை இதே குறடால் நசுக்கிவிட்டால் இரண்டு சமயத்திலும் சுலபமாக வெளியே வரும். டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு நாளாகிவிட்டால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. எவ்வளவு ஆகும்

விலை கடைக்குக் கடை மாறும். கீழே இருப்பது பட்ஜெட் போட உதவும் அளவுதான்.

ஸ்பின்னிங் ராடு 1,500 முதல் 2,500 ரூபாய். ரீல் 2,000 முதல் 3,500. பிரெய்டு 600 முதல் 1,200. லீடர், லூர் மாட்டும் கிளிப்பான ஸ்னாப், குறடு சேர்த்து 800. லூர் ஐந்துக்கு 1,200 முதல் 1,500. மொத்தம் 6,100இல் தொடங்கி 9,500க்குள் நிற்கும். இதற்குக் கீழே இறங்கினால் அடுத்த சீசனில் இரண்டாம் முறை வாங்குவீர்கள். இதற்கு மேல் போவதற்கு இப்போதைக்குக் காரணமே இல்லை.

பெய்ட்காஸ்டிங்கில் ராடு 2,500 முதல் 4,000, ரீல் 5,000 முதல் 8,000, நரம்பு தடிமன் கூடுவதால் அதுவும் கொஞ்சம் கூடுதல். 11,000க்குக் குறைந்து உருப்படியாக அமையாது. 1,800 ரூபாய்க்கு மினுமினுப்பான பெய்ட்காஸ்டர் ஆன்லைனில் கிடைக்கும். விலை குறைந்த ஸ்பின்னிங் ரீல் சத்தம் போட்டுக்கொண்டாவது வேலை செய்யும். விலை குறைந்த பெய்ட்காஸ்டரில் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது, ஸ்பூல் தள்ளாடும். புதியவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தூண்டிலையே விட்டுவிடுவார். அந்த ஜாதி ரீல்தான் ஓஎல்எக்ஸில் "ஒருமுறைதான் பயன்படுத்தியது" என்று வந்து நிற்கிறது.

இதில் சேராத செலவுகள்: குளக் கட்டணம், பெட்ரோல், அறுந்து போகும் லூர். லூர் அறுந்து போகும். அதைச் செலவாகவே எழுதி வையுங்கள்.

6. வாங்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

காம்போ செட்: ராடு, ரீல், நரம்பு, லூர், பை எல்லாம் சேர்த்து 1,499 என்று வரும். ராடு அநேகமாக ஒன்றுக்குள் ஒன்று செருகும் டெலஸ்கோப் வகை. கெண்டைக்குத் தக்கை போட்டு நிறுத்தி வைக்க அது பரவாயில்லை. லூரை நூறு முறை வீசி இழுக்கும் வேலைக்கு அதன் மூட்டுகள் தாங்காது.

பேரிங் எண்ணிக்கை: "12+1 பேரிங்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். நல்ல கம்பெனியின் மூன்று நாலு பேரிங் ரீல் பெயர் தெரியாத பதின்மூன்றை விட மென்மையாகச் சுற்றும். கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ராடும் ரீலும் ஜோடி சேராமல் போவது: ஸ்பின்னிங் ராடில் முதல் வளையம் பெரிதாக, கீழ்நோக்கி இருக்கும். பெய்ட்காஸ்டிங் ராடில் வளையங்கள் சிறியவை, மேல்நோக்கி இருக்கும், பிடியில் விரல் மாட்ட ஒரு கொக்கி போன்ற புடைப்பு இருக்கும். ஒன்றின் ரீலை மற்றதில் மாட்டினால் திருகு ஏறும்; வீச்சு வராது. ஆஃபரில் ராடு தனியாக, ரீல் தனியாக வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இடக்கை, வலக்கை: ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது, வாங்கும்போதே பக்கம் முடிவாகிவிடும். ஷிமானோ எஸ்எல்எக்ஸில் 150 என்றால் வலக்கைச் சுற்று, 151 என்றால் இடக்கைச் சுற்று. டைவாவில் மாடல் எண்ணின் கடைசியில் எல் இருந்தால் இடக்கை. வலது கையால் வீசி, ராடைக் கை மாற்றாமல் இடது கையால் சுற்ற விரும்பினால் இடக்கைச் சுற்று கேளுங்கள். ஆன்லைன் பட்டியலில் ஒரே படத்தைத்தான் இரண்டுக்கும் போடுவார்கள். எண்ணைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்.

பில்: ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். அதில் மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும், "ஃபிஷிங் ரீல் – 1" என்று எழுதித் தந்தால் உத்தரவாதத்துக்கு ஒப்பாது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்கும் ரீல் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். அதற்கு இங்கே உத்தரவாதம் கிடைக்குமா, ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அந்த ஆயிரத்தைக் கணக்குப் பாருங்கள். நேரடியாக வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டால் சுங்க வரி வாசலில் வந்து நிற்கும்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ராடு முனை ஒடிந்து வருவது சாதாரணமாக நடக்கும். வீடியோ இல்லாமல் மாற்றிக் கேட்பது பெரும்பாடு. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ரீலில் நரம்பு ஏற்றி ஒரு முறையாவது வெளியே கொண்டுபோய் வீசிப் பாருங்கள். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பரணில் போட்டுவிட்டால் கெடு போய்விடும்.

7. ஸ்பின்னிங்கில் முதல் வாரம்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அரை நாளில் வீச வந்துவிடும். மூன்று பழக்கம் மட்டும். லூர் விழுந்ததும், ரீலின் முன்னே வளைந்து நிற்கும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூட வைக்காதீர்கள். மூடியதும் நரம்பை ஒருமுறை இழுத்து விறைப்பாக்குங்கள், தளர்ந்த சுருள்தான் அடுத்த வீச்சில் முடிச்சாகிறது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றாதீர்கள், அப்போது சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் முறுக்குதான் ஏற்றும்.

மீன் பலமாக இழுத்தால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். வீட்டில் சமையலறைத் தொங்கு தராசு இருந்தால் நரம்பு முனையில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். 20 பவுண்டு நரம்புக்கு இரண்டரைக் கிலோ காட்டும்போது நரம்பு கழல ஆரம்பித்தால் சரி.

8. பெய்ட்காஸ்டருக்கு எப்போது போவது

மூன்று விஷயமும் சேர்ந்திருந்தால் போங்கள். நீங்கள் போகும் நீர்நிலையில் பாசியும் தாமரையும் அடர்ந்திருந்து ஸ்பின்னிங் ராடில் விரால் கொடிக்குள் புகுந்து தப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் வீசுவதில் பெரும்பாலானவை 10 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். பழக ஒரு திறந்த மைதானமும் சில வார இறுதிகளும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவதுதான் பெங்களூரில் கஷ்டம்.

வாங்கினால்: ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ராடு. ரீல் கியர் விகிதம் 7:1 அளவு (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று). பாசி மேல் தவளையை நகர்த்திவிட்டு, மீன் கவ்வியதும் தளர்ந்த நரம்பைச் சட்டென்று எடுக்க அந்த வேகம் வேண்டும். பழகும் காலத்தில் சாதாரண நைலான் நரம்பே போடுங்கள். சிக்கினால் பிரித்தெடுக்கலாம், வீணானாலும் நூறு இருநூறோடு போகும். பிரெய்டு சிக்கினால் கத்திரிதான். கை பழகிய பிறகு 40 பவுண்டு பிரெய்டு ஏற்றுங்கள்.

முதல் வீச்சுக்கு முன் செட்டிங் இப்படி. லூரைக் கட்டி ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். காந்த பிரேக் உள்ள ரீல் என்றால் எதிர்ப்பக்கம் எண்கள் இருக்கும். 10 வரை இருந்தால் 8இல் தொடங்குங்கள். தூரம் போகவில்லையே என்று முதல் நாளே குறைக்காதீர்கள். லூர் எடை மாறும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வீடியோக்களில் இதைச் சொல்லாமலே தாவிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் ராடை மாற்றுகிறார்கள், லூரை மாற்றுவதில்லை.

வீசும்போது தலைக்கு மேலே ஓங்கி அடிக்காமல் பக்கவாட்டில் மெதுவாக வீசுங்கள். கட்டைவிரல் ஸ்பூலை உரசியபடியே இருக்கட்டும், லூர் தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்தி நிறுத்துங்கள். காற்றை எதிர்த்து வீசாதீர்கள். நரம்பு முழுதும் போகாமலிருக்க ஒரு உபாயம் உண்டு: முடிந்த மட்டும் தூரமாக ஒருமுறை வீசி, இன்னும் கொஞ்சம் நரம்பை உருவிவிட்டு, ஸ்பூலில் மீதி இருக்கும் நரம்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிச் சுற்றிவிடுங்கள். எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது.

சிக்கிவிட்டால் நகத்தால் தோண்ட ஆரம்பிக்காதீர்கள். கைப்பிடி அடியில் இருக்கும் நட்சத்திர வடிவ டிராக் திருகை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை ஓரிரு சுற்று சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி நரம்பை இழுத்தால் பெரும்பாலான சிக்கல்கள் கழன்று வந்துவிடும். கழன்ற பிறகு டிராக்கைத் திரும்பத் தளர்த்த மறக்காதீர்கள்.

9. எங்கே பழகுவது, எந்த மாதம்

கொக்கி இல்லாத எடை ஒன்று வேண்டும். இரும்புக் கடையில் 12, 14 கிராம் தேறும் நட்டு ஒன்று வாங்கி அதன் மேல் துணி டேப் சுற்றினால் போதும். மொட்டை மாடி வேண்டாம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், துணிக்கொடி, அடுத்து உங்கள் வீட்டு ஓனர் என்று வரிசையாகப் பிரச்சினை வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன் ஏதாவது மைதானத்தில் அரை மணி நேரம் கிடைக்கும்.

மேலே மின்கம்பி போகும் இடத்தில் ராடைத் தூக்காதீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் சாயங்காலம் திடீரென்று இடி மின்னலோடு மழை வரும். முதல் இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலிருந்து விலகுங்கள். "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்பதெல்லாம் அங்கே வேண்டாம்.

மாதக் கணக்கு நான் சொல்வது இது. ஸ்பின்னிங் செட்டை ஜனவரியில் வாங்குங்கள். பிப்ரவரி முதல் மே வரை தண்ணீர் வற்றி விரால் ஓரிடத்தில் சேரும், வெயில் ஏறும் முன் காலையில் கடி நன்றாக இருக்கும். ஜூனில் மழை தொடங்கியதும் விரால் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காக்கும். தண்ணீர் மேல் குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பதைப் பார்த்தால் அங்கே லூரை வீசாதீர்கள். காவல் காக்கும் மீன் கோபத்தில் கட்டாயம் கவ்வும், அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மொத்தமும் மற்ற மீன்களுக்கு இரை. பெய்ட்காஸ்டர் வாங்க விரும்புகிறவர்கள் அந்த மழை மாதங்களில் வாங்கி மைதானத்தில் பழகுங்கள். அடுத்த கோடைக்குக் கட்டைவிரல் தயாராகியிருக்கும்.

10. ஆன்சைட் போகிறவர்களுக்கு

கம்பெனி உங்களை ஆறு மாதம் அமெரிக்கா அனுப்பினால் நிஜ பாஸையே பிடிக்கலாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ். ஒரு மாநிலத்து லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் செல்லாது. அந்தந்த மாநில வனவிலங்குத் துறை இணையதளத்திலேயே பெரும்பாலும் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து வாங்கலாம், பல மாநிலங்களில் ஒரு நாள் லைசென்ஸும் உண்டு. அந்த மாநிலத்தில் குடியிருக்காதவருக்குக் கட்டணம் அதிகம். எத்தனை மீன், எத்தனை அங்குலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு ஏரிக்கு ஏரி மாறும். லைசென்ஸ் வாங்கும்போதே அந்த ஏரியின் விதியையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து ராடு எடுத்துப் போக வேண்டாம், அங்கே விலை குறைவு. திரும்பும்போது வாங்கி வருவதானால் ராடைக் கடினமான குழாயில் போட்டுச் செக்-இன் லக்கேஜாகக் கொடுங்கள். கொக்கியையும் லூரையும் கைப்பையில் வைக்க வேண்டாம். குழாயின் நீளத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே விமானக் கம்பெனியிடம் கேட்டு வையுங்கள். ரீலின் பில்லைக் கையிலேயே வைத்திருங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.